கற்பனை உலகங்களுக்கு அடைவு தொகுத்தவர்கள்

1967 நவம்பர் 17. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘ஜர்னி டு பேபல்’ பகுதி ஒளிபரப்பானது. வல்கன் என்ற கோளைச் சேர்ந்த பாத்திரமான ஸ்பாக்கின் பெற்றோர் முதன்முதலாகத் திரையில் தோன்றியது அன்றுதான். தந்தை சாரெக்கிடம் டாக்டர் மெக்காய் வயது கேட்கிறார். பூமிக் கணக்கில் 102.437 என்று மூன்று தசம இடம் வரை பிசகாமல் பதில் சொல்கிறார் அந்த வல்கன் தூதர்.

சாதாரணப் பார்வையாளருக்கு அது சிரித்துவிட்டு மறந்துபோகிற வசனம். ஸ்பாக்கின் சிறுவயதை வைத்துக் கதை எழுத உட்கார்ந்த ரசிகருக்கு அது விலைமதிப்புள்ள தகவல். சாரெக் எப்போது மணம் முடித்தார், மகன் பிறந்தபோது அவருக்கு என்ன வயது என்றெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். அதைக் கவனிக்கத் தவறியவர் மறு ஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வழி செய்த சோனியின் பீட்டாமேக்ஸ் கருவி 1975இல்தான் வந்தது.

பிறர் படைத்த பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்துக்கொண்டு ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கு ‘ஃபேன் ஃபிக்ஷன்’ என்று பெயர். இந்தக் கதைகளைப் பற்றி இன்று பல்கலைக்கழக ஆய்வுகள் வரை வந்துவிட்டன. அவற்றை எழுதியவர்களின் மேசையில் திறந்து கிடந்த நூல்களுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. பெயரடைவு, கால அட்டவணை, நிலப்படம், அகராதி என்று விரியும் அந்த நூல்களில் பலவற்றை ரசிகர்களே சம்பளமில்லாமல் தொகுத்தார்கள். பிற்காலத்தில் மூலப் படைப்பாளிகளும் உரிமையாளர்களுமே அவற்றைப் புரட்டிப் பார்க்கும் நிலை வந்தது. அந்த உழைப்பு இலக்கிய வரலாற்றில் தனி அத்தியாயமாகப் பேசப்பட வேண்டியது.

அதன் தொடக்கம் லண்டன் பேக்கர் தெருவில் இருக்கிறது. ஆர்தர் கானன் டாயில் 1887 முதல் 1927 வரை ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். எழுதியதைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் அவரிடம் குறைவு. முதல் நாவலில் டாக்டர் வாட்சனுக்குத் தோளில் குண்டுக் காயம். இரண்டாவது நாவலில் அது காலுக்கு இறங்கிவிட்டது. ஜான் வாட்சனை ஒரு கதையில் மனைவி ‘ஜேம்ஸ்’ என்று அழைக்கிறார். வாட்சனின் நடுப்பெயர் ‘ஹாமிஷ்’ ஆக இருக்கலாம், ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்தில் வழங்கும் வடிவம் அது என்று பின்னாளில் விடை கண்டவர் துப்பறியும் கதையாசிரியை டாரதி சேயர்ஸ்.

இத்தகைய முரண்களை வரலாற்று ஆவணங்களை அணுகுவதுபோல் அணுகும் வழக்கம் 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் வாசித்த கட்டுரையோடு வேர்விட்டது. 1934இல் நியூயார்க்கில் கிறிஸ்டோபர் மார்லி ‘பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்’ சங்கத்தைத் தொடங்கினார். அந்த வட்டத்தைச் சேர்ந்த ஜே ஃபின்லி கிறைஸ்ட் ஒவ்வொரு கதைக்கும் நான்கெழுத்துக் குறியீடு ஒன்றை வகுத்தார். ஹோம்ஸ் ஆய்வாளர்கள் இன்றும் அடிக்குறிப்புகளில் அந்தக் குறியீடுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1967இல் வில்லியம் பேரிங்-கூல்ட் இரண்டு பெரிய தொகுதிகளாக உரைக்குறிப்புப் பதிப்பைக் கொண்டுவந்தார். ஒரு கதையில் மழை பெய்தால், அந்த மாதத்தில் லண்டனில் எந்த நாள் மழை பெய்தது என்று தேடிக் கதைக்குத் தேதி குறிக்கிற அளவுக்கு அவருடைய உழைப்பு இருந்தது. 1977இல் ஜாக் ட்ரேசியின் ‘என்சைக்ளோபீடியா ஷெர்லாக்கியானா’ வந்தபோது, புதிதாக ஹோம்ஸ் கதை எழுத நினைத்தவருக்கு வண்டி வகை, நாணயம், தெரு, மருந்து எல்லாம் அகர வரிசையில் ஒரே நூலில் கிடைத்தன.

தமிழில் இந்தத் தேவை வேறு வகையில் தலைகாட்டியது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கை என்ன ஆயிற்று என்ற வாசகர்களின் கேள்விக்குக் கல்கி முடிவுரையில் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆவலைக் கதையாகவே வளர்த்தெடுத்தது விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’. சோழர் கதையைத் தொடர நினைப்பவருக்கு இரண்டு அலமாரிகள் வேண்டும். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935லும் 1937லும் வெளியிட்ட சோழர் வரலாறும், 1949இல் முதல் பகுதி வெளிவந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ம் ஓர் அலமாரி. ராஜராஜன், குந்தவை, வந்தியத்தேவன் ஆகியோருக்குக் கல்வெட்டுச் சான்று அங்கே கிடைக்கும். நந்தினிக்கும் பூங்குழலிக்கும் கல்வெட்டு இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள், எங்கே இருந்தார்கள் என்பதற்குக் கல்கியின் ஐந்து பாகங்களே சாட்சி. அதுதான் இரண்டாவது அலமாரி. அங்கே குறிப்பெடுத்துக்கொள்வது எழுதுகிறவரின் பொறுப்பு. புராணக் கதைகளை மறுபடி எழுதியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910லேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்களுக்கு முதல் அலமாரி கிடையாது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் நடக்கும் கதைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் வரலாறு எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு எல்லாமே அந்தச் சின்னத்திரைதான். 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை வந்த 79 பகுதிகள் மட்டுமே மூலம். அந்த மூலத்திலும் முரண்கள் இருந்தன. தொடக்கப் பகுதிகளில் ஒன்றில் கேப்டன் கர்க்கின் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கர்க்’ என்று பொறித்திருக்கும். பிறகு தொடர் முழுவதும் அவர் ‘ஜேம்ஸ் டி. கர்க்’. அந்த ‘டி’ என்ற எழுத்துக்கு ‘டைபீரியஸ்’ என்ற விரிவு 1974இல் அனிமேஷன் தொடரில்தான் வந்தது.

இந்த உலகத்துக்கு அடைவு தயாரிக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொண்டவர் டோரத்தி ஜோன்ஸ் என்ற ரசிகை. மொழியியலில் ஈடுபாடு கொண்டவர். தாமே ஸ்டார் ட்ரெக் கதைகள் எழுதியவர். ஒவ்வொரு பகுதியிலும் வரும் மனிதர், கோள், கப்பல், கருவி, பானம், விலங்கு என்று அனைத்தையும் அட்டைகளில் குறித்துச் சேர்த்தார். அந்த அட்டைகளை நூலாக்கும் பொறுப்பை பீஜோ ட்ரிம்பிள் ஏற்றார். 1967–68 குளிர்காலத்தில் தொடரை நிறுத்தும் பேச்சு எழுந்தபோது, கணவர் ஜானுடன் சேர்ந்து நாடெங்குமுள்ள ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தவர் இவர். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும், இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று என்.பி.சி. ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டி வந்தது.

‘ஸ்டார் ட்ரெக் கன்கார்டன்ஸ்’ 1969இல் ரசிகர் வெளியீடாக வந்தது. முதல் இரண்டு பருவங்களுக்கான அடைவு அது. மூன்றாம் பருவத்துக்கான இணைப்பு 1973இல் வந்தது. அதன் அமைப்பு எளிமையானது, உறுதியானது. முதலில் ஒவ்வொரு பகுதிக்கும் கதைச் சுருக்கம். அடுத்து அகர வரிசைப் பதிவுகள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அது எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும் சிறு குறியீடு. தொகுத்தவர் சொந்தமாகச் சேர்த்த கற்பனை எது, திரையில் வந்தது எது என்று குழம்ப இடமில்லை. இடையிடையே ரசிகர்கள் வரைந்த படங்கள். விருந்துக் காட்சி எழுதுகிறவர் வல்கன்கள் எதை அருந்துவார்கள் என்று தேடலாம். சண்டைக் காட்சி எழுதுகிறவர் ஆயுதத்தின் பெயரைச் சரிபார்க்கலாம். அன்றைய ரசிகர் இதழ்களை மிமியோகிராஃப் நகலெடுப்புக் கருவியில் உருட்டி, அஞ்சலில் அனுப்பினார்கள். கதையில் ஒரு விவரம் பிசகினால் அடுத்த இதழின் வாசகர் கடிதங்களில் கேள்வி வந்துவிடும். அந்த வாசகர்களுக்கு முன் தைரியமாக நிற்க இந்த நூல் துணையாக இருந்தது.

1976இல் பாலன்டைன் பதிப்பகம் கன்கார்டன்ஸை அனிமேஷன் தொடரின் பகுதிகளையும் சேர்த்துப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அட்டையில் ஒரு சுழல் வட்டு இருந்தது. அதைத் திருப்பிக் குறிப்பிட்ட பகுதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ரசிகர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட தொகுப்பு, விமான நிலையக் கடையில் விற்கும் சரக்காக மாறிய காலம் அது.

அதற்கு முந்தைய ஆண்டில் அதே பதிப்பகம் வெளியிட்ட ‘ஸ்டார் ஃப்ளீட் டெக்னிக்கல் மேனுவல்’ மிகப் பெரிய விற்பனை கண்டிருந்தது. அதை வரைந்த ஃபிரான்ஸ் ஜோசஃப், கான்வேர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த வரைவாளர். மகளும் அவளுடைய நண்பர்களும் தொடரின் கருவிகளைப் பார்த்து மாதிரிகள் செய்வதைக் கண்டு, முறையான தொழில்நுட்ப வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டப் புறப்பட்டார். கப்பலின் தளங்கள், சீருடையின் வெட்டு, கொடி, உடன்படிக்கை என்று எல்லாவற்றையும் உண்மையான கடற்படை ஆவணம்போல் வரைந்து வைத்தார். திரையில் இல்லாத கப்பல்களுக்கும் பெயர் சூட்டினார். 1979இல் வந்த முதல் திரைப்படத்தில், விண்வெளி நிலையத்து வானொலிப் பேச்சில் ‘என்டான்ட்’ என்ற போர்க்கப்பலின் பெயர் கேட்கும். அது ஜோசஃபின் நூலிலிருந்து எடுத்த பெயர்.

இப்படித் தாளிலிருந்து திரைக்குப் போன பெயர்களில் இன்னொன்றுக்கு நீண்ட பயணம். 1967 செப்டம்பரில் நியூயார்க்கில் ‘ஸ்பாக்கனேலியா’ வெளிவந்தது. ஸ்டார் ட்ரெக்குக்கென்றே நடத்தப்பட்ட ரசிகர் இதழ்களில் முதலாவது அது. அதன் முதல் இதழிலேயே டோரத்தி ஜோன்ஸ், ஒரு பொருளின் இரு தோற்றங்களை ஒப்புவைக்கும் வல்கன் கலைவடிவம் ஒன்றைக் கற்பித்து அதற்கு ‘நி வார்’ என்று பெயரிட்டார். மற்ற ரசிகர்கள் அந்தப் பெயரை எடுத்து ஆண்டார்கள். 1976இல் அதே தலைப்பில் கிளேர் கேப்ரியல் எழுதிய ரசிகர் கதை அச்சுத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. 2002இல் ‘என்டர்பிரைஸ்’ தொடரில் வல்கன் கப்பல் ஒன்று அந்தப் பெயரைச் சூடியது. 2020இல் ‘டிஸ்கவரி’ தொடரின் மூன்றாம் பருவத்தில் வல்கன் கோளின் பெயரே ‘நி வார்’ என்று மாறிவிட்டது. தொடரின் இன்னொரு பாத்திரமான உஹூராவின் முதற்பெயரும் இதே வழியில் வந்ததுதான். ரசிகர் இதழ்களில் படம் வரைந்து பெயர் பெற்ற வில்லியம் ராட்ஸ்லர் 1982இல் எழுதிய பாத்திர வரலாற்று நூலில் அவளுக்கு ‘நியோட்டா’ என்று பெயர் வைத்தார். திரையில் அது ஒலித்தது 2009இல்.

எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் மத்திய உலகம் இதற்கு நேர்மாறான சிக்கலை வைத்தது. அங்கே தகவல் குறைவு என்ற பேச்சே இல்லை, பெருக்கம்தான் தொல்லை. ஒரே ஆளுக்கு நான்கைந்து பெயர், ஒரே ஆற்றுக்கு இரண்டு மொழிகளில் பெயர். ராபர்ட் ஃபாஸ்டர் ‘நீக்காஸ்’ என்ற ரசிகர் இதழில் சொற்பட்டியலாகத் தொடங்கிய வேலை 1971இல் ‘எ கைட் டு மிடில்-எர்த்’ ஆயிற்று. ‘சில்மரில்லியன்’ 1977இல் வெளிவந்ததும், அதையும் உள்ளடக்கி 1978இல் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். தந்தையின் கையெழுத்துப்படிகளைப் பதிப்பித்த கிறிஸ்டோபர் டோல்கீனே அந்த நூலைத் தாம் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதாக முன்னுரை ஒன்றில் பாராட்டி எழுதினார். 1981இல் கேரன் வின் ஃபான்ஸ்டாட் மத்திய உலகத்துக்கு ஒரு நிலப்படத் தொகுப்பு கொண்டுவந்தார். முறையாக நிலப்படக் கலை பயின்றவர் அவர். கதையின் பயணிகளான ஃப்ரோடோவும் சாமும் எந்த நாள் எவ்வளவு தூரம் நடந்தார்கள், எங்கே இரவு தங்கினார்கள் என்று கணக்கிட்டுப் படத்தில் குறித்தார். பயணத்தின் நடுவில் புதிதாக ஒரு சம்பவத்தை நுழைக்க விரும்பும் எழுத்தாளருக்கு எந்த இரவு காலியாக இருக்கிறது என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

அகராதியே ஒரு சமூகத்தை உருவாக்கியதும் உண்டு. மொழியியலாளர் மார்க் ஓக்ரான்ட் 1985இல் வெளியிட்ட ‘கிளிங்கான் டிக்ஷனரி’, ஸ்டார் ட்ரெக் படத்தில் கிளிங்கான் இனத்தார் பேசுவதற்காகச் செய்த சில வசனங்களுக்கு இலக்கணமும் சொற்தொகுதியும் தந்தது. அதை வாங்கியவர்களில் சிலர் உண்மையாகவே பேசக் கற்றார்கள். 1992இல் கிளிங்கான் மொழிக் கழகம் அமைந்தது. 1996இல் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ முழுவதையும் கிளிங்கானில் வெளியிட்டார்கள். ரசிகர் கதைகளில் கிளிங்கான் வீரன் கத்துகிற வசை, அதன் பிறகு இலக்கணப்படி இருக்க வேண்டியதாயிற்று.

தொகுப்பு அச்சிலிருந்து கணினிக்கு நகர்ந்தபோது பழைய உறவில் விரிசல் விழுந்தது. மிஷிகனைச் சேர்ந்த பள்ளி நூலகர் ஸ்டீவ் வாண்டர் ஆர்க் 2000இல் ‘ஹாரி பாட்டர் லெக்சிகன்’ இணையத் தொகுப்பைத் தொடங்கினார். மந்திரம், மருந்து, மனிதர், நாள், இடம் எல்லாம் அதில் ஏறின. அதன் கால அட்டவணை நுட்பமான துப்பறிதல். இரண்டாம் நாவலில் ‘நியர்லி ஹெட்லெஸ் நிக்’ என்ற ஆவி தன் ஐந்நூறாவது இறந்தநாளைக் கொண்டாடுகிறது. கேக்கில் எழுதியிருப்பது 1492 அக்டோபர் 31. ஆக, அந்தக் கதை நடப்பது 1992இல். ஹாரி பிறந்தது 1980இல். முதல் நாவலின் தொடக்கப் பதிப்புகளிலோ அதே ஆவி தான் சாப்பிட்டு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயிற்று என்கிறது. தொகுப்பாளர்கள் இரண்டையும் எடைபோட்டுக் கேக்கின் பக்கம் நின்றார்கள். 2007இல் வந்த கடைசி நாவலில் பாட்டர் தம்பதியின் கல்லறையில் இறந்த ஆண்டு 1981 என்று பொறித்திருந்தது. ரசிகர்களின் கணக்கு சரியாக இருந்தது.

வெளியில் இருந்து எழுதும்போது ஒரு விவரத்தைச் சரிபார்க்க அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தியதாக நாவல்களின் ஆசிரியை ஜே.கே. ரௌலிங்கே 2004இல் மனம் திறந்து பாராட்டியிருந்தார். அதை ஆர்.டி.ஆர். புக்ஸ் என்ற சிறு பதிப்பகம் நூலாக்க முனைந்தபோது நிலைமை மாறியது. 2007 அக்டோபர் 31 அன்று ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் விசாரணை நடந்தது. ரௌலிங் நேரில் வந்து சாட்சி சொன்னார். செப்டம்பர் 8 அன்று நீதிபதி ராபர்ட் பேட்டர்சன் தீர்ப்பளித்தார். கையெழுத்துப்படி ரௌலிங்கின் சொந்த வாக்கியங்களை, குறிப்பாக அவருடைய இரண்டு துணை நூல்களிலிருந்து, தேவைக்கு மிஞ்சி எடுத்தாண்டிருக்கிறது என்று தடை விதித்தார். நாவல் ஏழு, துணை நூல் இரண்டு என ஒன்பது நூல்களுக்கும் தலா 750 டாலர் வீதம் 6,750 டாலர் ஈடு விதித்தார். அதோடு, ஒரு கற்பனை உலகத்தைப் பற்றிய நோக்கீட்டு நூலைப் பிறர் எழுதுவதைத் தடுக்கும் உரிமை மூல ஆசிரியருக்குப் பொதுவாகக் கிடையாது என்பதையும் தெளிவுபடுத்தினார். வாக்கியங்களை மாற்றி, சொந்த விளக்கங்களைச் சேர்த்து எழுதிய பதிப்பு 2009 ஜனவரியில் வெளிவந்தது. தொகுப்பாளருக்குத் தோல்வியில் முடிந்த வழக்கு என்றாலும், பின்னால் வரும் தொகுப்பாளர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள அந்தத் தீர்ப்புதான் அளவுகோல்.

உரிமையாளர்களும் வெறும் காவல்காரர்களாக இருந்துவிடவில்லை. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எழுத்தாளர்களுக்கென்று ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் எழுதி வைத்த உள் கையேடு வளர்ந்து 1991இல் தொழில்நுட்ப நூலாக வெளிவந்தது. 1994இல் ஒகுடா தம்பதியின் ‘ஸ்டார் ட்ரெக் என்சைக்ளோபீடியா’ வந்தது. சம்பளம் பெறும் எழுத்தாளரும் வீட்டில் உட்கார்ந்து எழுதும் ரசிகரும் ஒரே நூலைப் புரட்டினார்கள்.

2003இல் தொடங்கிய ‘மெமரி ஆல்ஃபா’ என்ற விக்கி, 1969இல் வந்த ஒரு பகுதியில் இடம்பெறும் நூலகக் கோளின் பெயரைச் சூடிக்கொண்டது. அதன் கட்டுரைகளின் அடியில் எந்தப் பகுதியிலிருந்து தகவல் எடுக்கப்பட்டது என்று குறிக்கும் முறை, டோரத்தி ஜோன்ஸின் அட்டைகளில் இருந்த அதே ஒழுங்கு. இன்று தேடினால் நொடியில் விடை கிடைக்கிறது. விடையை யார் முதலில் கண்டெடுத்தார் என்பது அந்த வேகத்தில் மறைந்துபோகிறது. அச்சு நூல்கள் தொகுத்தவரின் பெயரை அட்டையில் தாங்கி நின்றன. விக்கியில் அது திருத்த வரலாற்றுப் பக்கத்துக்குள் போய்விட்டது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நூலகம் ரசிகர் இதழ்களைப் பெரும் தொகுதிகளாகச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. அங்கே ஆய்வுக்கு வருகிறவர்களின் கை முதலில் கதைகளுக்குத்தான் போகும். கன்கார்டன்ஸையும் ஃபாஸ்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கதைகளைப் படிக்க வேண்டும். 1970களில் எழுதப்பட்ட ஒரு ஸ்பாக் கதையில் வரும் விவரம் தொலைக்காட்சியில் வந்ததா, வேறொரு ரசிகை கற்பித்ததா, அச்சடித்த கையேட்டிலிருந்து எடுத்ததா என்று பிரித்தறிய அவைதான் உதவும். அப்படிப் பிரித்துப் பார்க்கிறபோது, டோரத்தி ஜோன்ஸ், பீஜோ ட்ரிம்பிள், கேரன் வின் ஃபான்ஸ்டாட் போன்றவர்களின் பெயர்கள் கதாசிரியர்களின் வரிசையிலேயே எழுதப்படும்.